துளையும் மெருகும்: ஷெஃபீல்டு கத்திப் பிடிகள் குறித்துச் சில குறிப்புகள்

கத்தியின் வரலாறு என்று இதுவரை எழுதப்பட்டிருப்பதெல்லாம் அலகின் வரலாறுதான். இரும்பு எப்போது உருக்கானது, உலையை யார் மூட்டினார்கள், கொடுமணலில் தோண்டியபோது என்ன கிடைத்தது, டமாஸ்கஸ் வாளுக்கு உருக்கு எங்கிருந்து போனது என்றெல்லாம் பேசுகிற பெருமிதச் சொல்லாடலுக்கு நம்மிடமும் குறைவில்லை. ஆனால் கத்தியில் மனுஷன் கை படுகிற இடம் அலகு இல்லை; பிடி. அந்தப் பிடிக்குத் துளை போட்டு, ஆணி இறக்கி, அராவி, மெருகேற்றியவர்கள் யார், எந்தப் பொருளில் போட்டார்கள், அந்தப் பொருள் எந்தக் காட்டிலிருந்து, எந்தக் கடலுக்கு அடியிலிருந்து, யார் தோள்மேல் ஏறி வந்தது என்ற கேள்விகள் வரலாற்றாசிரியர்களுக்கு எழுந்ததே குறைவு. எழுந்தபோதும் அடிக்குறிப்பில் அடங்கிவிட்டன.

எங்க ஊர்ப் பக்கம் அருவாளுக்குப் பிடி போடுறதை நின்று பார்த்திருக்கிறேன். ஆசாரி அருவாளின் வாலை உலையில் சிவக்கக் காய்ச்சி, முன்பே சின்னதாகத் தமர் போட்டு வைத்த கட்டைக்குள் இறக்குவார். புகை குப்பென்று கிளம்பும். கட்டை கருகி, வாலுக்கு வேண்டிய அளவு இடத்தை அதுவே விட்டுக்கொடுக்கும். மேலே ஒரு பூண். அவ்வளவுதான், அஞ்சு நிமிஷம். "அருவா யாரு அடிச்சது" என்று கேட்கிறவர்கள் உண்டு. "பிடி யாரு போட்டது" என்று யாரும் கேட்டு நான் கேட்டதில்லை. இந்தக் கேள்வி கேட்கப்படாமல் போவதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதைத் தேடப் போனால், கத்தி என்றதும் உலகமே ஒரு காலத்தில் நினைத்த ஊருக்கு, இங்கிலாந்தின் ஷெஃபீல்டுக்கு, போக வேண்டியிருக்கிறது. ஏனென்றால் அங்கேதான் பிடி போடுவது என்பது தனித் தொழிலாக, தனி உடம்பாக, தனிக் கூலியாகப் பிரிந்து நின்றது.

ஷெஃபீல்டில் ஒரு கத்தி குறைந்தபட்சம் மூன்று பேர் கை மாறும். அடிப்பவர், சாணை பிடிப்பவர், பிடி போட்டுக் கோர்ப்பவர். இந்த மூன்றாமவருக்குத்தான் அங்கே 'கட்லர்' என்று பேர். சாப்பாட்டு மேஜைக் கத்தியின் பிரிவில் 'ஹாஃப்டர்', அதாவது பிடிக்காரர். ஜெர்மனியின் ஸோலிங்கனிலும் இதே பிரிவினை உண்டு. அங்கே பிடிக்காரருக்கு 'ரைடர்' என்று பெயர். இதில் ஒரு வேடிக்கையைக் கவனிக்க வேண்டும். ஷெஃபீல்டில் 1624இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் அமைந்த தொழிற்குழுவுக்கு 'ஹாலம்ஷயர் கட்லர்கள் குழுமம்' என்று பெயர். யார் தொழில் செய்யலாம், எத்தனை வருஷம் பயிற்சி, எந்த முத்திரை யாருக்கு என்றெல்லாம் தீர்மானித்த அமைப்பு அது. 1814இல் வந்த சட்டம் பயிற்சிக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டது. யார் வேண்டுமானாலும் தொழிலில் இறங்கலாம் என்று ஆனது. முத்திரை மட்டும் குழுமத்தின் கையில் நின்றது. இதற்குப்பிறகு 'கட்லர்' என்ற பட்டம் மெதுவாக மேலே நகர்ந்தது. வருஷத்துக்கொரு 'மாஸ்டர் கட்லர்', 1832இல் கட்டிய மண்டபம், மந்திரிமார் வந்து உண்ணும் விருந்து. பிடி போட்டவனின் தொழிற்பெயரை உருக்காலை முதலாளி கழுத்தில் மாட்டிக்கொண்டான். பிடி போட்டவன் எங்கேயோ ஒரு முற்றத்தில் வாடகைப் பலகையில் உட்கார்ந்து துளை போட்டுக்கொண்டிருந்தான்.

'வாடகைப் பலகை' என்று சும்மா சொல்லவில்லை. பெரிய பேர் எடுத்த கம்பெனிகளும் வேலையில் பெரும்பகுதியை வெளியே கொடுத்துத்தான் வாங்கின. 'லிட்டில் மெஸ்டர்' என்று அங்கே ஒரு வகை. (மெஸ்டர் என்பது மாஸ்டரின் வட்டார உச்சரிப்பு, நம்ம மேஸ்திரிக்கும் அதுக்கும் லத்தீனில் ஒரே பாட்டன்.) ஒரு அறை, ஒன்றிரண்டு பையன்கள், சொந்தக் கருவிகள். முதலாளியும் இல்லை, தொழிலாளியும் இல்லை என்கிற இரண்டுங்கெட்டான் நிலை. ஆர்டர் வந்தால் அவன் 'மேஸ்திரி', வராவிட்டால் கூலியில்லாத கூலி. ஜான் ரஸ்கின் 1875இல் ஷெஃபீல்டில் தொழிலாளிகளுக்காக ஓர் அருங்காட்சியகம் திறந்தபோது அவர் மனதில் இருந்தது இந்தக் கைவினைஞனின் சுயாதீனம் பற்றிய கனவுதான். கனவு அழகானது. அந்தச் சுயாதீனத்தின் விலை யார் தலையில் விழுந்தது என்பதை அது கேட்கவில்லை.

சரி, அவன் செய்த வேலையைப் பார்ப்போம். நம் விமர்சனக் கட்டுரைகளில் 'உழைப்பு' என்ற சொல் நூறு தடவை வருகிறது. ஒரு தடவையாவது எந்த விரல், எந்தக் கருவி என்று வருவதில்லை. அந்தக் குறை எனக்கும் உண்டு என்பதால் இதைக் கொஞ்சம் நின்று எழுதுகிறேன்.

பிடியில் இரண்டு முறை. ஒன்று, அலகின் வால் ஒல்லியான முள்ளாக இருக்கும். பிடி ஒரே துண்டாக இருக்கும். பிடியின் தலைப்பக்கத்திலிருந்து நீளமாக ஒரு துளை போட்டு, அதில் பைன் மரப்பிசினைப் பொடியாக அடைத்து, வாலைக் காய்ச்சி உள்ளே இறக்குவார்கள். பிசின் உருகி, ஆறினதும் இறுகிக்கொள்ளும். சாப்பாட்டு மேஜைக் கத்தி பெரும்பாலும் இப்படி. இரண்டாவது முறையில் வால் பிடியின் முழு அகலத்துக்கும் தட்டையாக இருக்கும். இரண்டு பக்கமும் இரண்டு பட்டைகளை வைத்து, மூன்றையும் ஊடுருவித் துளை போட்டுத் தறையாணி அடிப்பது. மடக்குக் கத்தியில் பட்டைக்கு உள்பக்கம் பித்தளைத் தகடு ஒன்றும் இருக்கும்.

துளை போட்டது வில்லை வைத்து. நம்ம தச்சர்கள் துறப்பணத்தைக் கயிற்றால் இழுத்துச் சுழற்றுவது மாதிரிதான், ஆனால் சின்ன அளவில். அங்கே அதைப் 'பிடில் துரப்பணம்' என்றே சொன்னார்கள். வில் பிடில் வாசிக்கிற வில் போல முன்னும் பின்னும் போவதால். துளையூசியை ஆளே தன் கையால் உருக்கில் அடித்துக்கொள்வான். வில் இரண்டு திசையிலும் சுழற்றும் என்பதால் ஊசியின் முனை இரண்டு பக்கமும் சுரண்டுகிற மாதிரி தட்டையாக இருக்கும். ஊசியின் பின்முனை எதில் ஊன்றும்? அவன் நெஞ்சில். நெஞ்சில் ஒரு இரும்புத் தகட்டைக் கட்டிக்கொள்வான். அதில் சின்னக் குழிகள். ஊசியின் பின்முனையைக் குழியில் வைத்து, உடம்பை முன்னால் சாய்த்து, கையில் வில்லை இழுப்பான். அழுத்தம் கையிலிருந்து வருவதில்லை, மார்பெலும்பிலிருந்து வருகிறது. 14 வயசில் உட்கார்ந்தவன் 60 வரை இப்படிச் சாய்ந்துகொண்டிருப்பான். அதிகாரம் உடலின்மேல் எழுதுகிறது என்று பூக்கோவை வாசித்துவிட்டு நாம் பேசுகிறோமே, இந்தத் தகட்டுக்கு உருவகம் தேவையில்லை.

ஒவ்வொரு பொருளும் துளையை ஒவ்வொரு மாதிரி ஏற்றுக்கொள்கிறது. இதை அறிந்திருப்பதுதான் அவன் அறிவு. எருமைக்கொம்பு நகத்தின் ஜாதி. சூடு பட்டால் இளகும்; ஆகவே அதை வேகவைத்து, சூடான அச்சில் அழுத்தித் தட்டையாக்கலாம், பூவேலைகூடப் பதிக்கலாம். இதற்கென்றே 'பிடி அழுத்துபவர்' என்று தனித் தொழில் இருந்தது. ஆனால் துளையில் சூடு ஏறினால் கொம்பு ஊசியைக் கவ்விக்கொள்ளும். தீய்ந்த மயிர் நாற்றம் வரும். எலும்பு இளகாது, விரியும். ஓரத்துக்கு மிக அருகில் துளை விழுந்தால் ஆணி அடிக்கும்போது அந்த ஓரமே போய்விடும். மான்கொம்பின் உள்ளே நுரை போன்ற சோற்றி, பலமெல்லாம் வெளித்தோலில். அதனால் கொம்பை வாளால் அறுத்து வெளிப்பட்டையை மட்டும் எடுப்பார்கள். அதிகம் அராவினால் சோற்றி தெரிந்துவிடும், சரக்கு போச்சு. (மானின் கொம்பு வருஷா வருஷம் விழுந்து முளைக்கிற எலும்பு, எருமையின் கொம்பு சாகும்வரை வளர்கிற நகம். தமிழில் ரெண்டும் 'கொம்பு'தான். துளை போடுகிறவனுக்கு ரெண்டும் ஒன்றல்ல.) தந்தம் ஈரத்தில் ஊதும், காய்ச்சலில் சுருங்கும், ஆணியை இறுக்கமாக அடித்தால் அடுத்த கோடையில் துளையிலிருந்து ஒரு கீறல் கிளம்பும். முத்துச்சிப்பி ஓடு எல்லாவற்றையும்விட மோசம்: கண்ணாடி மாதிரி. நனைத்துக்கொண்டே துளைக்க வேண்டும், ஆணியின் தலையை மெள்ள மெள்ளத் தட்டிப் பரப்ப வேண்டும். ஒரு தட்டு கூடிப் போனால் அரைநாள் வேலை இரண்டு துண்டு. உடைந்தால் நஷ்டம் யாருக்கு என்பதுதான் வெளிவேலைக் கூலி முறையின் சூட்சுமம்.

துளைக்குப் பிறகு மெருகு. அரம், சுரண்டி, படிகக்கல் பொடி, எண்ணெயில் குழைத்த மென்மண், கடைசியில் சுண்ணக்கட்டிப் பொடியும் ஈரத்துணியும். ஆணியின் தலை பிடியின் மட்டத்துக்கு வந்துவிட வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினால் ஆணி எங்கே, கொம்பு எங்கே என்று தெரியக்கூடாது. வாளின் தடம், அரத்தின் கீறல், ஊசியின் பிசிறு எல்லாம் போய்விட வேண்டும். மெருகு என்பது வேலை நடந்ததற்கான தடயத்தை அழிக்கிற வேலை. எவ்வளவு நன்றாகச் செய்கிறானோ அவ்வளவு அவன் காணாமல் போகிறான். சாணை பிடித்தவன் விட்டுப்போன கூர்மையைப் பற்றி வாங்கினவன் தினமும் நினைப்பான். பிடி நன்றாக அமைந்தால் அதை யாரும் நினைப்பதில்லை. ஆட்டம் காணும்போதுதான் அதற்கென்று ஒரு ஆள் இருந்திருப்பான் என்பதே ஞாபகம் வரும்.

முத்திரையும் அலகில்தான். கட்லர்கள் குழுமம் பதிவு செய்த முத்திரைகள் எல்லாம் இரும்பில் அடிக்கப்பட்டவை. பிடிக்குப் பக்கத்தில், பிடியில் அல்ல. பிடியில் எழுத்து வருகிற ஒரே இடம் உண்டு. மடக்குக் கத்தியின் பட்டையில் சின்னக் கேடயம் மாதிரி ஒரு வெள்ளித் தகடு பதித்திருக்கும். அதைப் பதிக்கக் குழி வெட்டுவது பிடிக்காரரின் நுட்பமான வேலைகளில் ஒன்று. இரண்டு கால் உள்ள வில்லூசி ஒன்றை, கேடய வடிவம் வெட்டிய உருக்கு அச்சுக்குள் விட்டு, அதே மார்புத்தகட்டில் சாய்ந்து, வில்லை இழுத்தால் அச்சின் ஓரத்தைத் தடவிக்கொண்டே இரண்டு காலும் குழியைக் குடைந்துவிடும். அந்தத் தகட்டில் வெட்டப்படுவது யார் பேர்? வாங்கினவனுடைய பெயரின் முதலெழுத்து.

இப்போது ஆவணங்களுக்கு வருவோம். ஷெஃபீல்டுத் தொழிலாளர்கள் பற்றிக் காகிதம் நிறையக் கிடக்கிறது. ஆனால் யாரைப் பற்றி? எங்கெல்ஸ் 1845இல் வெளியிட்ட நூலில் ஷெஃபீல்டு வருகிறது. டாக்டர் நைட் என்ற உள்ளூர் மருத்துவரின் சாட்சியத்தை வைத்து, உலர்கல்லில் முள்கரண்டி சாணை பிடிப்பவர்களின் சராசரி ஆயுள் 35ஐத் தொடுவதே கஷ்டம், ஈரக்கல்லில் பிடிப்பவர்கள் 45ஐத் தாண்டுவது அரிது என்று சொல்கிறார். கல்வேர்ட் ஹாலண்ட் என்ற இன்னொரு மருத்துவர் 1843இல் சாணைக்காரர் நுரையீரல் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். அடுத்து 1866இன் வெடிமருந்துச் சம்பவம். சாணைக்காரர் சங்கங்கள் சந்தா கட்டாதவனின் சாணைச்சக்கர வாரை ஒளித்துவைப்பதில் தொடங்கி வெடி வைப்பதுவரை போனபோது, 1867இல் அரச விசாரணைக் குழு ஷெஃபீல்டுக்கு வந்து உட்கார்ந்தது. வாள்சாணைக்காரர் சங்கச் செயலாளர் வில்லியம் பிராட்ஹெட், உண்மையைச் சொன்னால் தண்டனை இல்லை என்ற உத்தரவாதத்தின் பேரில், 1859இல் ஒருவரைச் சுட ஏற்பாடு செய்ததுவரை ஒப்புக்கொண்டார். 1871 தொழிற்சங்கச் சட்டத்துக்குப் போகும் வழியில் இந்தக் கதை ஒரு கட்டாயத் திருப்பம்; சிட்னி போலார்ட் 1959இல் எழுதிய ஷெஃபீல்டுத் தொழிலாளர் வரலாறு இதையெல்லாம் நன்றாகவே சொல்கிறது.

மூன்றாவதாக ஒரு காகிதமும் உண்டு, இது சிரிப்பாகவும் இருக்கும். கத்திப்பிடிக்காக அறுத்த எலும்பின் தூளும் துண்டும் ஷெஃபீல்டில் மலையாகக் குவிந்தன. அது கொட்டிய இடத்தில் புல் செழிப்பாக வளர்வதைப் பார்த்த யார்க்ஷயர் நிலக்காரர்கள் அதை வண்டி வண்டியாக வாங்கி வயலில் போட்டார்கள். 1820களின் இறுதியில் டான்காஸ்டர் விவசாயச் சங்கம் எலும்புரம் பற்றி விவசாயிகளிடம் விவரம் கேட்டு அறிக்கையே போட்டது. டர்னிப் எத்தனை செழித்தது என்பதற்குக் குறிப்பு இருக்கிறது. அந்தத் தூளைக் கிளப்பினவன் எத்தனை மூச்சு விட்டான் என்பதற்கு இல்லை.

டாக்டர், போலீஸ், நிலக்காரன். இந்த மூன்று பேரில் ஒருவன் வந்தால்தான் ஆவணம். சாணைக்காரன் ரத்தமாகத் துப்பினான், டாக்டர் வந்தார். வெடி வைத்தான், விசாரணைக் குழு வந்தது. பிடிக்காரன் மெள்ளத் தேய்ந்தான். பிறப்பு இறப்புப் பதிவாளரின் தொழில்வாரி மரணப் பட்டியலில் கத்திக்காரர், கத்தரிக்காரர் என்ற பொதுத்தலைப்புக்குள் கரைந்துபோனான். விளிம்புநிலை வரலாறு எழுதுகிறோம் என்று கிளம்புகிற நாம் கலகம் நடந்த இடத்தை மட்டும் தேடிப் போவதும் ஒருவகையில் போலீசின் காலடியைப் பின்தொடர்வதுதான். கலகம் செய்யாதவனுக்கு வரலாறு கிடையாதா? இந்தக் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. பிடியின் பொருளைப் பின்தொடர்ந்தால் ஏதாவது கிடைக்குமா என்று பார்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

பொருள்களைப் பின்தொடர்ந்தால் ஷெஃபீல்டுக்குள்ளேயே நிற்க முடியாது. தந்தம் ஆப்பிரிக்காவின் உள்நாட்டிலிருந்து சுமைக்கூலிகளும் அடிமைகளும் தூக்கிவந்து, ஸான்ஸிபார் வழியாக, பலசமயம் பம்பாய் வணிகர்கள் கை மாறி, லண்டன் ஏலத்துக்குப் போனது. ஜோசப் ராஜர்ஸ் கம்பெனியின் தந்தக் கிடங்கு அந்தக் காலத்தில் விருந்தாளிகளுக்குக் காட்டுகிற காட்சி. அதே கம்பெனி 1851 லண்டன் மகா கண்காட்சிக்கு 75 அலகுகள் கொண்ட 'நார்ஃபோக் கத்தி'யைச் செய்து வைத்தது. அதன் பிடி செதுக்கிய முத்துச்சிப்பி. பெரிய சிப்பிகள் பின்னாளில் வடக்கு, மேற்கு ஆஸ்திரேலியக் கடல்களிலிருந்து வந்தன. அங்கே மூழ்க வைக்கப்பட்டவர்கள் ஆதிக்குடிகள். மேற்கு ஆஸ்திரேலியாவில் 1871இல் சிப்பித் தொழிலில் பெண்களை வைத்திருக்கக்கூடாது என்று சட்டம் போட வேண்டியிருந்தது என்றால், சட்டத்துக்கு முன் என்ன நடந்தது என்பதை அந்த வாசகமே சொல்லிவிடுகிறது. சிப்பியின் தூள் இன்னொரு ஊரில் இன்னொரு உடம்பில் போய் உட்கார்ந்தது: 1870களை ஒட்டி வியன்னா மருத்துவர்கள், சிப்பி கடைகிற இளவயதுப் பையன்களுக்கு எலும்பு வீங்கி அழல்கிற நோய் ஒன்றைக் கண்டு எழுதினார்கள். மீண்டும், டாக்டர் போன இடம்.

நமக்கு நேரே சம்பந்தமுள்ள பொருள் கடமான் கொம்பு. கடமானின் கொம்பு மற்ற மான்களின் கொம்பைவிடத் தடித்தது, உள்சோற்றி குறைவு, மேலே வரிவரியாகச் சொரசொரப்பு. நனைந்த கையிலும் வழுக்காது. வேட்டைக் கத்திக்கும் இறைச்சி வெட்டும் கத்திக்கும் ஷெஃபீல்டு இதைத்தான் விரும்பியது, இந்தியாவிலிருந்து மூட்டை மூட்டையாக வாங்கியது. இதற்காக மானைக் கொல்ல வேண்டியதில்லை; வருஷத்துக்கு ஒருமுறை அது தானே உதிர்க்கிறது. உதிர்ந்த கொம்பு காட்டில் கிடக்கும். காட்டில் கிடப்பதை யார் எடுப்பார்கள்? காட்டுக்குள் நடக்கிறவர்கள்.

1882 சென்னை வனச் சட்டம் 'வனவிளைபொருள்' என்ற சொல்லுக்குக் கொடுத்த பட்டியலில் மரம், பட்டை, தேன், மெழுகோடு தோல், தந்தம், எலும்பு, கொம்பு ஆகியவையும் இருக்கின்றன. இந்த ஒரு வரியை நிதானமாக வாசித்துப் பார்க்க வேண்டும். மான் தலையை ஆட்டி உதிர்த்துவிட்டுப் போன ஒரு பொருள், மண்ணைத் தொட்ட மாத்திரத்தில் சர்க்காருடையதாகிறது. அதைக் குனிந்து எடுக்கிற இருளனோ சோளகனோ ஒப்பந்தக்காரனின் கூலியாக எடுக்கலாம். தனக்காக எடுத்தால் திருடன். குனிகிறது ஒன்றுதான், யாருக்காகக் குனிந்தான் என்பதில் சட்டம் நிற்கிறது. அந்தக் கொம்பு துறைமுகம் போய், கப்பலேறி, ஷெஃபீல்டு நிலவறையில் குவிந்து, மார்புத்தகடு கட்டியவனின் ஊசி அதில் இறங்கி, மெருகாகி, 'இங்கிலாந்தில் செய்தது' என்று அலகில் அச்சாகித் திரும்பவும் வெள்ளைக்கார வனஅதிகாரியின் இடுப்பில் அதே காட்டுக்குள் வந்திருக்கவும் கூடும். இது கற்பனை, ஆனால் ஒவ்வொரு கண்ணியும் நடக்கக்கூடியதுதான்.

பரங்கிப்பேட்டைக் கதையை இங்கே பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜோசையா மார்ஷல் ஹீத் 1830இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார், சேலத்துத் தாதுவை நம்பி. பிறகு ஷெஃபீல்டுக்குப் போய், உருக்கில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டு முதலாளிகள் அந்த முறையைச் சின்ன மாற்றத்தோடு எடுத்துக்கொண்டு பணம் தர மறுத்தார்கள். வழக்காடியே நொடித்து 1851இல் செத்துப்போனார். சேலம் இரும்பு பற்றி எழுதுகிற நம் ஆட்கள் ஹீத்தை விடுவதில்லை. ஏமாற்றப்பட்ட கண்டுபிடிப்பாளன், துரோகம், நீதிமன்றம்: கதைக்கு வேண்டியதெல்லாம் இருக்கிறது. அலகின் வரலாற்றில் தோற்றவனுக்குக்கூடப் பெயர் உண்டு. கொம்பு பொறுக்கியவனுக்கு ஜெயித்த கணக்கும் இல்லை, தோற்ற கணக்கும் இல்லை.

1990களின் பிற்பகுதியில் இந்திய அரசு மான்கொம்பு ஏற்றுமதியை நிறுத்தியது. நிறுத்தினது சரிதான், உதிர்ந்த கொம்பு என்ற பேரில் சுட்ட மானின் கொம்பும் போனதை யாரும் மறுக்க முடியாது. மேற்கத்தியக் கத்திப் பிரியர்கள் இன்றும் அந்தத் தடையைப் பற்றிப் புலம்புகிறார்கள். பழைய இருப்புக்குத் தங்க விலை. மாட்டெலும்பில் கொம்பு மாதிரி வரி வெட்டிச் சாயம் ஏற்றினதுதான் இப்போது பெரும்பாலும் ஓடுகிறது (இந்தப் பொய்க்கொம்பும் நூறு வருஷத்துக்கு மேல் பழசு). தந்தத்துக்கு 1989இல் சர்வதேச வணிகத் தடை. ஈட்டி மரம் உள்ளிட்ட அந்த இனம் முழுவதும் 2017 ஜனவரியிலிருந்து கட்டுப்பாட்டுக்குள். இவையெல்லாம் மிருகத்தையும் மரத்தையும் காப்பாற்றுகிற சட்டங்கள், வேண்டியவை. ஆனால் 1882இன் வாசகத்தில் காட்டுக்காரனுக்கு இல்லாத இடம் இவற்றிலும் தானாக முளைத்துவிடவில்லை. அவனுக்கென்று ஒரு சட்டம் வர 2006 ஆனது. அது சிறுவன மகசூலில் உரிமை தந்தபோதும், தாவரத்திலிருந்து வருவதை மட்டுமே தந்தது.

செயற்கைப் பொருள் வந்ததும் இந்தச் சங்கிலி அறுந்துவிட்டது என்று நினைக்கிறவர்கள் உண்டு. செல்லுலாய்டை எடுத்துக்கொள்வோம். 1862இல் லண்டனில் பார்க்ஸ் காட்டியது, 1870ஐ ஒட்டி அமெரிக்காவில் ஹயாட் தொழிலாக்கியது, 1877இல் பிரிட்டிஷ் ஸைலோனைட் கம்பெனி. தந்தம் போலவும் ஆமையோடு போலவும் வேஷம் போடும். துளைக்கச் சுலபம், மெருகேற்றச் சுலபம், மலிவு. துளைக்கும்போது விழுகிற சுருளில் ஒரு பொறி பட்டால் பட்டறையே போய்விடும். இன்னொரு குணமும் அதற்கு உண்டு: வருஷங்கள் போனால் அதுவே அமில ஆவியைக் கக்கி, தான் பிடித்திருக்கிற அலகையே துருப்பிடிக்க வைக்கும். இந்தச் செல்லுலாய்டுக்குள் இருப்பது என்ன? பருத்தியும் நைட்ரிக் அமிலமும் நாம் சாமிக்குக் கொளுத்துகிற கற்பூரமும். கற்பூரம் அன்றைக்குப் பெரும்பாலும் தைவான் மலைக்காடுகளிலிருந்து. 1895இல் ஜப்பான் தைவானைக் கைப்பற்றி, 1899இல் கற்பூரத்தை அரசின் ஏகபோகமாக்கி, மலைக்குடிகளின் நிலத்துக்குள் காவல் எல்லையை அங்குலம் அங்குலமாக நகர்த்தியது. பிற்பாடு அந்த எல்லையில் மின்கம்பியும் ஓடியது. செயற்கைத் தந்தத்துக்குள்ளும் ஒரு காடு இருந்தது, அந்தக் காட்டிலும் ஆட்கள் இருந்தார்கள். இன்றைக்குக் கண்ணாடியிழையையும் பிசினையும் அடுக்கி அழுத்திய பலகையில் பிடி போடுகிறவர்கள் முகமூடி போட்டுக்கொண்டு துளைக்கிறார்கள். தூள் நுரையீரலுக்கு ஆகாது என்று தெரியும். தெரிந்துகொள்ள வசதி உள்ளவர்கள் போட்டுக்கொள்கிறார்கள் என்று திருத்திச் சொல்ல வேண்டும்.

பெண்களைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. ஷெஃபீல்டில் கரண்டிக்கும் கத்திக்கும் சக்கரத்தில் மெருகேற்றிய வேலை பெருமளவு பெண்களுடையது. 'பஃபர் கேர்ள்ஸ்' என்று பேர். எண்ணெயும் மணலும் தெறிக்கும் என்பதால் உடம்பைச் சுற்றிப் பழுப்புக் காகிதமும் செய்தித்தாளும் கட்டிக்கொண்டு, தலையில் துணி கட்டி, வேலை முடிந்து வெளியே வரும்போது முகம் முழுக்கக் கறுப்பு. சத்தமாகப் பாடுவார்கள், வாய் ஜாஸ்தி என்று ஊரில் கெட்ட பேர். ஊர் அவர்களைப் பற்றி வைத்திருந்த ஞாபகமும் இதுதான்: வாயும் துணியும். மெருகு ஞாபகத்தில் இல்லை. நேற்றைய தலைப்பைச் சுமந்த செய்தித்தாள் அவர்கள் வயிற்றில் எண்ணெயைக் குடித்துக்கொண்டிருந்தது. அந்தத் தாளில் அவர்களைப் பற்றி ஒரு வரி இருந்திருக்குமா என்று யோசித்துப் பார்க்கிறேன்.

ஷெஃபீல்டில் கடைசிக் காலம்வரை வில்லும் தகடும் அறிந்திருந்தவர்களில் ஸ்டான் ஷா ஒருவர். 1926இல் பிறந்து, 14 வயதில் வேலைக்குச் சேர்ந்து, மடக்குக் கத்தியை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை தானே கோர்த்தவர். 2017இல் அரசுப் பதக்கம் பெற்று, 2021இல் இறந்தார். 'கடைசி லிட்டில் மெஸ்டர்' என்று பத்திரிகைகள் கொண்டாடின. கடைசி ஆளாகிவிட்டால்தான் பேர் கிடைக்கும்போலிருக்கிறது.

அந்த ஊரிலேயே கென் ஹாலி என்று ஒருவர் இருந்தார், கருவிக்கடைக்காரர், 2014இல் இறந்தார். பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது அவர் போய்ப் பொறுக்கினது பளபளப்பான கத்திகளை மட்டுமல்ல. கருவிகள், அச்சுகள், விலைப்பட்டியல்கள், அத்துடன் செய்து முடிக்கப்படாத துண்டுகள். அவர் சேகரிப்பு இப்போது ஷெஃபீல்டின் கெல்ஹாம் தீவு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வேலையின் ஒவ்வொரு படியிலும் நிறுத்தி எடுத்து வைத்த மாதிரிகள் அதில் உண்டு: வாளால் அறுத்த பட்டை, துளை மட்டும் விழுந்த பட்டை, ஆணி அடித்து இன்னும் அராவாத பிடி. மெருகு ஏறாததால் அந்தப் பிடிகளில் வாளின் தடமும் ஊசி விட்ட பிசிறும் அப்படியே இருக்கின்றன.